கூட நீந்த ஓர் ஆள்

செல்லமுத்துவால் உட்கார முடியவில்லை. பெரம்பலூர் கரண்ட் ஆபீசில் அவனுக்கென்று ஒரு நாற்காலியும் ஒரு டெலிபோனும் கொடுத்திருந்தார்கள். ஃபியூஸ் போயிற்று, கம்பி அறுந்து கிடக்கிறது, மோட்டார் ஓடவில்லை என்று வருகிற புகார்களைக் கேட்டு, லைனுக்குப் போகிறவர்களிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. வயர்மேனாகப் பல வருஷம் கம்பம் ஏறியவன் அவன். ஒரு மழைநாளில் கால் வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும், கொஞ்ச நாளைக்கு ஏற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை எஞ்சினியர் பிடித்துக்கொண்டு அவனை நாற்காலியில் உட்கார்த்திவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் அவனை அதிர்ஷ்டக்காரன் என்றார்கள்.

அவன் கால்கள் மேஜைக்கடியில் சும்மா இருக்கவில்லை. நாள் முழுக்க முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போனால் சோற்றைப் பிசைந்தபடி எழுந்து நிற்பான். விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பான். அவன் மனைவி வேம்பு, நடக்கிறதுதான் நடக்கிறீர்கள், ஒரு குடம் தண்ணீரையாவது கொண்டு வாருங்கள் என்பாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம், டீக்கடைப் பேப்பரில் அவன் அந்தச் செய்தியைப் பார்த்தான். திருச்சியில் ஒரு விளையாட்டு மன்றம் மார்கழியில் புதுவிதமான பந்தயம் நடத்தப் போகிறதாம். காவிரியை நீந்திக் கடக்க வேண்டும். கரையேறியதும் சைக்கிள் எடுத்துச் சென்னை ரோட்டில் பாடாலூர் வரை மிதித்துத் திரும்ப வேண்டும். சைக்கிளைப் போட்டுவிட்டு வயலூருக்கு ஓடிப்போய் ஓடிவர வேண்டும். மூன்றும் ஒரே நாளில், ஒரே மூச்சில். வெளிநாட்டில் இது பெரிய பந்தயம் என்று எழுதியிருந்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லமுத்துவுக்கு மட்டும் முழங்கால் ஆடுவது நின்றுபோனது.

ஓட்டம் அவனுக்குப் புதிதில்லை, பள்ளிக்கூடத்தில் ஓடியவன். சைக்கிளும் புதிதில்லை, தோளில் ஏணியோடு ஊர் ஊராக மிதித்தவன். நீச்சல்தான் சுத்தமாகத் தெரியாது. அவன் ஊரில் கிணறுகளுக்குக் குறைவில்லை. எல்லாம் படி வைத்துக் கட்டிய பெரிய கமலைக் கிணறுகள். மற்ற பையன்கள் கோடை முழுக்க அதில் குதித்துக் கிடப்பார்கள். அவனைப் போன்ற காலனித் தெருப் பிள்ளைகள் கிணற்று மேட்டில் கால் வைத்தாலே கல் பறந்து வரும். இடுப்புக்கு மேல் தண்ணீரில் அவன் நின்றதே இல்லை.

முதலில் ஓட்டத்தைத் தொடங்கினான். நாலாம் நாளே ஒரு போலீஸ்காரர் துறையூர் ரோட்டில் அவனை நிறுத்தி, எங்கே கை வைத்துவிட்டு ஓடுகிறாய் என்று கேட்டார். பந்தயத்துக்கு என்றான். பனியனைத் தூக்கிக் காட்டச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும்போது செல்லமுத்துவுக்கு ஒன்று விளங்கியது. ரெண்டு பேர் சேர்ந்து ஓடினால் அது பயிற்சி. அவனைப் போல ஒருத்தன் தனியாக ஓடினால் அது வேறு. கூட ஓர் ஆள் வேண்டும்.

ஆள் கிடைப்பது பந்தயத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. வாலிபால் ஆடும் பையன்கள் ரெண்டு நாள் வந்தார்கள், மூன்றாம் நாள் தூங்கிவிட்டார்கள். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் அவன் வயதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகுட்டிக்காரன் செய்கிற காரியமா இது என்றார். ஆபீசில் கூட வேலை பார்த்த அரியமுத்து, சைக்கிளில் டிரான்சிஸ்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே வந்து உற்சாகப்படுத்தினான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணமாயிற்று, அதோடு சரி.

காசிநாதன் வந்தது ஒரு புகாரோடு. பாங்கில் கிளார்க், ரயில் மாதிரி பேசுகிற ஆள். வாடகை அறையில் மின்விசிறி ஓடவில்லை என்று சொல்ல வந்தவன், மேஜைக்கடியில் கேன்வாஸ் ஷூவைப் பார்த்துவிட்டு, துறையூர் ரோட்டில் ஓடுகிற ஆள் நீங்கள்தானா என்று கேட்டான். அவனும் அதே செய்தியைப் படித்திருந்தான். வளைந்த ஹேண்டில்பார் வைத்த சைக்கிள் ஒன்றை மெட்ராசிலிருந்து வாங்கி வந்திருந்தான். கூட ஓட்ட அவனுக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் காலையிலிருந்து ரெண்டு பேரும் சேர்ந்து போனார்கள். திருச்சி ரோட்டில் பாடாலூர் வரை மிதிப்பார்கள். லாரிகள் உரசிக்கொண்டு போகும்போது காசிநாதன் பேச்சை நிறுத்துவான், லாரி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். மேட்டில் செல்லமுத்து முந்துவான், சரிவில் காசிநாதன் பிடித்துவிடுவான். ஒருவரையொருவர் விரட்டி விரட்டி, ஆவணி முடிவதற்குள் தொடை இறுகிவிட்டது. நாற்காலியில் இருக்கும் நேரம்கூட இப்போது கொஞ்சம் சீக்கிரமாகப் போயிற்று.

நீச்சலைப் பற்றிக் கேட்டபோது காசிநாதன் யோசிக்கவே இல்லை. சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் அவர்களுக்குக் காடு கழனி இருந்தது, காட்டில் கிணறு இருந்தது. வாங்க, எங்க கெணறு சும்மாத்தான் கெடக்கு என்றான். செல்லமுத்துதான் தயங்கினான். உங்கப்பாவுக்குத் தெரியுமா சார் என்று கேட்டான். அப்பா இந்தப் பக்கமே வர்றதில்ல, அதெல்லாம் அந்தக் காலம் என்றான் காசிநாதன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனார்கள். செல்லமுத்து முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, கடைசிப் படியில் உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக இறங்கினான். உள்ளிருந்து பார்த்தால் வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. கல் சந்தில் மாடப்புறாக்கள் இருந்தன. நாலாவது ஞாயிறு, குடுக்கை இல்லாமல் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை போய்விட்டான். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துக் காசிநாதன் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு செல்லமுத்து முன்னால் போய்ச் சேர்ந்தான். தூரத்திலேயே ஆயில் எஞ்சின் சத்தம் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் போகவில்லை. குழாயைத் திருப்பித் தரிசில் விட்டிருந்தார்கள். கருவேலஞ் செடிகளுக்கு நடுவே தண்ணீர் எங்கெங்கோ ஓடி வீணாகிக்கொண்டிருந்தது. கிணற்று மேட்டில் பண்ணையாள் பாவாடை நின்றிருந்தார். செல்லமுத்து எட்டிப் பார்த்தான். அடியில் சேறும் ரெண்டு மீனும் தெரிந்தன.

பாவாடை அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பெரியவரு எறைக்கச் சொல்லிட்டாருங்க. புதுத்தண்ணி ஊறினதும் மஞ்சத்தண்ணி தெளிக்கணுமாம்."

காசிநாதன் அப்போதுதான் வந்து சைக்கிளை நிறுத்தினான். களத்துப் பக்கம் வேட்டி கட்டிய அவன் அப்பா நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காசிநாதனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எந்நேரமும் பேசுகிறவன், வாயைத் திறந்தான், மூடினான், எஞ்சினைப் பார்த்தான். செல்லமுத்து ஒரு நிமிஷம் காத்திருந்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினான். பெரம்பலூர் வரும்வரை ஓரிடத்திலும் மிதியை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு காசிநாதன் ஆபீசுக்கு ரெண்டு தடவை வந்தான். செல்லமுத்து டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். ஓடவும் போகவில்லை. மறுபடியும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்க ஆரம்பித்தான். ஒன்றுமில்லாததற்கு மகள் பூமாலையை அதட்டினான். குழந்தை அழ, வேம்பு அரிவாள்மனையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னான். சொல்லும்போது அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைகள்தான் நிலையில்லாமல் சட்டைப் பொத்தானைத் திருகின.

வேம்பு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழமை எங்கூருக்குப் போவோம்" என்றாள். "ஆத்தை யாரு எறைச்சுத் தீப்பாங்கன்னு பாப்போம்."

அவள் ஊர் திருமானூருக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையில். அரியலூர் போய் பஸ் மாற வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய் வந்திருக்கிறான். ஆற்றை அவன் பாலத்திலிருந்து பார்த்ததோடு சரி.

புரட்டாசி மாதம். ஆற்றில் பாதி மணலும் பாதி தண்ணீருமாக இருந்தது. தண்ணீர் ஓடிய பாதி ஆழமாக, கலங்கலாக, சத்தமில்லாமல் போனது. செல்லமுத்து கரையில் நின்று, நீந்தக் கற்றுத்தர இங்கே யாராவது ஆம்பளை ஆள் இருப்பானா என்று கேட்டான். வேம்பு பூமாலையைத் தன் அம்மா மடியில் விட்டாள். சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டினாள். மணலில் நடந்து போய், முழங்கால் நனைந்ததும் அப்படியே சாய்ந்தாள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. மறுபடி தலை தெரிந்தபோது அவள் வெகுதூரத்தில் இருந்தாள். இழுப்புக்குக் குறுக்கே, அவசரமில்லாமல், ஒரு கையை மாற்றி ஒரு கை வீசிக்கொண்டு போனாள். எதிர்த் திட்டில் ஏறி நின்று முடியைப் பிழிந்தாள். அங்கிருந்தே அவனைப் பார்த்தாள்.

திரும்பி வந்ததும், ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்டான்.

"நீங்க கேக்கல. ஊரெல்லாம் ஆள் தேடினீங்க." மூச்சு வாங்கினாள். "பெரம்பலூர்ல குழாயடிலதான் தண்ணியப் பாக்குறேன். கல்யாணம் ஆயி வந்த மொத வருஷம் நான் எப்புடிக் கெடந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. இப்ப நீங்க நடக்குறீங்கள்ல, அப்புடித்தான் நானும் நடந்தேன். நீங்க லைனுக்குப் போனப்புறம்."

செல்லமுத்து சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் போனார்கள். வேம்பு பொறுமைசாலியில்லை. அவன் மூழ்கினால் உடனே தூக்கமாட்டாள், ரெண்டு தடவை கையடித்த பிறகுதான் முடியைப் பிடித்து இழுப்பாள். கம்பத்துல ஏறுறாப்புல தண்ணியப் புடிக்கிறீங்க, இங்க புடிக்க ஒண்ணுமில்ல என்று கத்துவாள். கிணற்றில் சுவர் பக்கத்தில் இருந்தது, ஆற்றில் எதுவும் பக்கத்தில் இல்லை. நடு இழுப்பில் அவனுக்குப் பயம் வந்துவிடும். அப்போதெல்லாம் அவள் பக்கத்தில் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நீந்துவாள். அவன் பயத்தை அவள் பார்க்கவில்லை என்று அவன் நினைத்துக்கொள்ளலாம். ஐப்பசியில் ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்தாற்போல எதிர்த் திட்டில் ஏறினார்கள். வேம்பு திட்டில் மல்லாந்து படுத்து, இன்னொரு தடவை போவோமா என்றாள். அவள் கண்ணில் அவனுக்குப் பழக்கமான ஒரு துறுதுறுப்பு தெரிந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு காசிநாதன் வந்தான். பெரம்பலூரிலிருந்து அவ்வளவு தூரமும் சைக்கிளிலேயே வந்திருந்தான். செம்மண் அப்பிய முகத்தோடு கரையில் நின்றான். செல்லமுத்து தண்ணீரை விட்டு ஏறாமல் கழுத்தளவில் நின்றுகொண்டான். வேம்புதான், குளிக்க வந்தீங்களா, ஏதாச்சும் சொல்ல வந்தீங்களா என்று கேட்டாள்.

"அன்னைக்கு நான் பேசியிருக்கணும்" என்றான் காசிநாதன்.

"பேசியிருந்தா கெணத்துல தண்ணி நின்னுருக்குமா சார்?" செல்லமுத்து கேட்டான்.

"நின்னுருக்காது."

"அப்புறம் என்ன?"

"நிக்காதுதான். இருந்தாலும் நான் பேசியிருக்கணும்."

செல்லமுத்து எதிர்த் திட்டுக்கு நீந்திப் போனான். திரும்பிப் பார்க்கும்போது காசிநாதனும் தண்ணீரில் இருந்தான். கிணற்றில் நீந்திப் பழகியவனை இழுப்பு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போக, வேம்பு அவனையும் முடியைப் பிடித்து இழுத்து வந்தாள். அன்று மத்தியானம் வேம்புவின் அம்மா வீட்டில் கெண்டை மீன் குழம்பு. காசிநாதன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான், மறுசோறும் கேட்டு வாங்கினான். செல்லமுத்துவின் மனம் அதில் முழுசாக ஆறிவிடவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் ஷூவை எடுத்து மாட்டினான். பழையபடி ஓடினார்கள். காசிநாதன் இப்போது குறைவாகப் பேசினான்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. காவிரியில் வெள்ளம் கரை தொட்டது. பந்தயத்தன்று திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: பாதுகாப்பை முன்னிட்டு நீச்சல் ரத்து, சைக்கிளும் ஓட்டமும் மட்டும் நடக்கும். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கை தட்டினார்கள். செல்லமுத்து ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றான். யாரோ தன் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதைப் போல இருந்தது. அந்தக் கோபத்தில்தான் மிதித்தான், அந்தக் கோபத்தில்தான் ஓடினான். மூன்றாவதாக வந்தான். காசிநாதன் எங்கோ பின்னால், சுளுக்கோடு முடித்தான். ஒரு கோப்பை கொடுத்துக் கைகுலுக்கினார்கள். பஸ்ஸில் பூமாலை அதைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டாள்.

ஆபீசில் மாலை போட்டார்கள். எஞ்சினியர் பாராட்டினார். மறுபடி லைனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். செல்லமுத்து நாற்காலிக்குத் திரும்பினான். முழங்கால் ஆட ஆரம்பித்தது. தனக்கு முன்னமே தெரிந்த காரியத்துக்கு யாரோ பரிசு கொடுத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

அதைச் சொன்னபோது வேம்பு, கொள்ளிடம் எங்கேயும் ஓடிப்போகவில்லையே என்றாள்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒரு ஞாயிறு, காசிநாதன் சுளுக்கு ஆறி வந்ததும், அவர்களே தங்களுக்கு ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். கொள்ளிடத்தில் எதிர்த் திட்டுக்குப் போய்த் திரும்புவது. அங்கிருந்து அரியலூர் வழியாகப் பெரம்பலூருக்குச் சைக்கிள். பெரம்பலூரிலிருந்து பாடாலூருக்கு ஓட்டம். பார்க்க ஆளில்லை, ஒலிபெருக்கி இல்லை. மாடு குளிப்பாட்ட வந்தவர்கள் மட்டும் நின்று பார்த்தார்கள். பனி விலகாத தண்ணீரில் மூன்று பேரும் இறங்கினார்கள். வேம்பு முதலில் போய் முதலில் வந்தாள். செல்லமுத்து நடு இழுப்பில் ஒருமுறை தடுமாறி, தண்ணீர் குடித்து, தானே நிமிர்ந்து வந்து சேர்ந்தான். கரையேறியதும் ஆண்கள் ரெண்டு பேரும் முந்தின நாளே ஓட்டி வந்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். சொட்டச் சொட்ட நின்ற வேம்பு, பூமாலையோடு பஸ்ஸில் பாடாலூருக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள்.

அரியலூர் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியிருந்தது. சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் வண்டிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போக, செல்லமுத்து நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தான். பெரம்பலூரில் செல்லமுத்துவின் வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பந்தயத்தில் இல்லாத வலியெல்லாம் இப்போது வந்தது.

சிறுவாச்சூரில் கோயிலுக்குக் கூட்டம் வருகிற நாள் இல்லை அது. பஸ் நிற்கும் இடத்தில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அவர்களில் காசிநாதனின் அப்பாவும் இருந்தார். மகன், அரைக்கால் டிராயரோடு, செல்லமுத்துவுக்குச் சமமாக ஓடி வருவதைப் பார்த்தார். "காசி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். காசிநாதனின் காலடிச் சத்தம் தளர்ந்தது. செல்லமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. நிற்கவும் இல்லை. தார் ரோட்டில் தன் நிழலையே பார்த்துக்கொண்டு ஓடினான். நடு ஆற்றில் வருகிற அதே பயம். புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. லாரிகள் போயின. வெகுநேரம் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு ஷூச் சத்தம் கேட்டது. காசிநாதன் மூச்சு முட்ட ஓடி வந்து பக்கத்தில் சேர்ந்தான். கொஞ்ச தூரம் போனதும் அவனே சொன்னான்.

"தண்ணி வேணுமான்னு கேட்டாரு. ரெண்டு செம்பு குடுங்கன்னேன்."

"குடுத்தாரா?"

"குடுக்கல. நானும் குடிக்கல."

ரெண்டு பேருக்கும் நாக்கு வறண்டுவிட்டது. ஒருவர் நடந்தால் மற்றவரும் நடந்தார், ஒருவர் ஓடினால் மற்றவரும் ஓடினார். பாடாலூர் மலை தெரிந்தும் ஊர் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தபோது பஸ் நிறுத்தத்தில் வேம்பு ஒரு குடத்தில் நீர்மோரோடு நின்றிருந்தாள். காசிநாதன் சாலையோரத்தில் அப்படியே விழுந்து படுத்தான். பூமாலை அவன் மேல் கூழாங்கற்களை அடுக்கினாள். செல்லமுத்து குடித்தான், மறுபடி குடித்தான், உட்கார்ந்து பார்த்தான், முடியாமல் எழுந்து நின்றான். மூன்றும் முடிந்தது என்று உரக்கச் சொன்னான். கேட்டவர்கள் யாருக்கும் அது என்ன மூன்று என்று தெரியவில்லை.

வேம்பு அவனைப் பாராட்டவில்லை. அவள் நெற்றியில் கொள்ளிட மணல் இன்னும் ஒட்டியிருந்தது.

"அடுத்த வருசம் பொம்பளைங்களச் சேப்பாங்களான்னு திருச்சியில கேட்டு வைங்க" என்றாள் காசிநாதனிடம்.

சேர்க்கமாட்டார்கள் என்று காசிநாதன் படுத்தபடியே சொன்னான். சேர்ப்பார்களா மாட்டார்களா என்று நான் கேட்கவில்லை, கேட்டு வைக்கத்தான் சொன்னேன் என்றாள் வேம்பு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் விளக்கைக்கூட ஏற்றவில்லை. வாசலில் சாத்தியிருந்த செல்லமுத்துவின் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தாள், சீட்டின் உயரத்தை இடுப்போடு அளந்து பார்த்தாள்.

"இந்தச் சீட்ட எறக்கி வைங்க" என்றாள்.

செல்லமுத்து நொண்டிக்கொண்டே உள்ளே போய் ஸ்பானரைத் தேடினான்.